மேற்கு அடுக்கில் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்:
முட்டைக்கு வெளிச்சம் பார்ப்பவர்,
வாத்துக் குஞ்சு பொரிப்பகம், இரண்டாம் மாடி,
(டவர் வைத்திருக்கும் கட்டடத்துக்கு அடுத்த கட்டடம்).

பெறுநர்:
உயர்திரு அளவீட்டு அலுவலர் அவர்கள்,
கம்பியில்லாத் தொடர்புக் கதிர்வீச்சுக் கண்காணிப்புப் பிரிவு.

பொருள்: விலங்கு, பறவை, செடி இருக்கும் இடங்களில் கதிர்வீச்சை அளக்க விதி இல்லை என்று என் மனு முடித்துவைக்கப்பட்டது – அந்தக் கடிதம் இப்போது என் நாத்தனாருக்கு எதிராகச் சான்றாகக் காட்டப்படுவது – வெள்ளிக்கிழமைக்கு முன் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்தவும், பிறகு மறு அளவீடு செய்யவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. என்னுடைய முந்தைய மூன்று மனுக்கள். 2. தங்கள் அலுவலகத்தின் பதில் கடிதம். 3. எங்கள் மேலாளர் என் நாத்தனாரிடம் விளக்கம் கேட்டுக் கொடுத்த குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் நான்காவது மனு. முதல் மூன்றிலும் இல்லாத ஒன்றை இதில் எட்டாம் பத்தியில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்ததும் இந்த மனுவைத் தூக்கி எறியத் தங்களுக்குத் தோன்றலாம். எறிவதானால் கடைசி வரை படித்துவிட்டு எறியுமாறு முதலிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. நான் இந்தப் பொரிப்பகத்தில் பதினான்கு ஆண்டுகளாக முட்டைக்கு வெளிச்சம் பார்க்கிறேன். வாத்து முட்டை பொரிய இருபத்தெட்டு நாள் ஆகும். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் ஒவ்வொரு முட்டையையும் இருட்டறையில் விளக்குக்கு முன் பிடித்துப் பார்ப்பது என் வேலை. உயிர் இருந்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடும், கரு அசையும். இறந்திருந்தால் ஒரு ரத்த வளையம் மட்டும் அப்படியே நிற்கும். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுவேன். முட்டைத் தட்டுகளைத் திருப்புவதும், எட்டாம் நாளிலிருந்து தினமும் வெதுவெதுப்பான நீர் தெளிப்பதும் என் நாத்தனாரின் வேலை. அவர் என் கணவரின் அக்கா. வெப்பமானி காட்டுவதை நம்ப மாட்டார்; முட்டையை எடுத்து மூடிய கண் இமைமேல் ஒரு நொடி வைத்துப் பார்த்து, அரை டிகிரி கூட, அரை டிகிரி குறைவு என்பார். இதுவரை அவர் சொல்லித் தப்பியதில்லை. இதை நான் ஆசையாக எழுதவில்லை ஐயா. எனக்கும் அவருக்கும் பதினோரு வருடமாக ஆகாது. கல்யாணமான மூன்றாம் நாள் நான் துவைத்துப் போட்ட துணியை என் கண் எதிரிலேயே எடுத்து மறுபடி துவைத்தவர் அவர். அன்றிலிருந்து ஒரே அறையில் வேலை பார்த்தும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

3. நான்கு மாதங்களுக்கு முன் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனாக்கள் பொருத்தினார்கள். அவற்றில் ஒன்று எங்கள் இன்குபேட்டர் அறையின் மேற்குச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. இடைவெளி ஐந்து துடைப்பக்கட்டை நீளம். நானே ஜன்னல் வழியாகத் துடைப்பத்தை நீட்டிப் பிடித்துக் கண்ணளவாகக் கணக்கிட்டேன். எங்கள் இன்குபேட்டர் பெட்டி அல்ல, ஓர் அறை. மேற்குச் சுவரை ஒட்டி ஓர் அடுக்கு, கிழக்குச் சுவரை ஒட்டி ஓர் அடுக்கு. அதற்கு முன்பெல்லாம் இரண்டு பக்கமும் நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்து பொரியும். கம்பம் வந்த பிறகு கிழக்கு அடுக்கில் அதே கணக்குத்தான். மேற்கு அடுக்கில் ஐம்பத்தெட்டு, அடுத்த தடவை ஐம்பத்து நான்கு, அதற்கடுத்து ஐம்பத்தொன்று.

4. ஆன்டெனாதான் குஞ்சுகளைக் கொன்றது என்று நான் எங்கும் எழுதவில்லை, இப்போதும் எழுதவில்லை. மேற்குச் சுவரில் மதிய வெயில் விழும். மின்சாரம் சில நாள் ஏறி இறங்கும். எங்கள் மேலாளர் வேறொன்றும் சொல்கிறார்: பக்கத்துக் கட்டடக் காவலாளி அந்தக் கம்பத்தின் அடியிலேயே பூசணி விதை போட்டார், கொடி கம்பத்தைச் சுற்றி ஏறி அமோகமாகக் காய்த்திருக்கிறது. பூசணிக்குக் கெடுதல் செய்யாதது முட்டைக்கு மட்டும் எப்படிக் கெடுதல் செய்யும் என்பது மேலாளரின் வாதம். மறைத்தேன் என்ற பேர் வேண்டாம் என்பதற்காக அந்தப் பூசணியையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆனால் பூசணிக்கொடியையும் யாரும் அளந்ததில்லை ஐயா. காய்க்கிறது என்று தெரியும், எவ்வளவு கதிர்வீச்சில் காய்க்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் கேட்டது அளவு ஒன்றைத்தான்.

5. அந்த அளவைக் கேட்பதற்குத் தங்கள் அலுவலகப் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். படிவத்தில் ‘பாதிக்கப்பட்டவர் பெயர்’ என்று ஒரு கட்டம், ‘வயது’ என்று ஒரு கட்டம். பெயரில் ‘வாத்து முட்டைகள், மேற்கு அடுக்கு’ என்றும், வயதில் ‘பதினெட்டு நாள்’ என்றும் எழுதினேன். உண்மையைத்தானே எழுதச் சொல்கிறீர்கள். படிவத்தை வாங்கிய எழுத்தர், முட்டைக்கு அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது முறை வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டேன்; காலிக் கட்டம் உள்ள படிவம் செல்லாது என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை என் பெயரையும் என் வயதையும் எழுதினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று அடியில் எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

6. அதன்மேல் தங்கள் அளவீட்டாளர் கருவியோடு வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். வாசல், மாடிப்படி, மேலாளர் அறை, சாப்பிடும் இடம், கழிப்பறை என்று ஐந்து இடங்களில் வைத்து அளந்தார். இன்குபேட்டர் அறைக்குள் வரச் சொன்னேன். ஆள் இருக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும் என்று விதி இருப்பதாகச் சொல்லி மறுத்தார். உள்ளே நாலாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே, “அம்மா, உட்கார்றதுக்கு ஒரு ஆள் வேணுமே” என்றார். இதை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த என் நாத்தனார் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், முப்பத்தேழரை டிகிரி வெக்கையில் மேற்கு அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்காக அவர் செய்த முதல் காரியம் அதுதான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அளவீட்டாளர் தர்மசங்கடமாக நின்றார். தினம் ஆறு மணி நேரமாவது ஆள் இருந்தால்தான் அது ஆள் இருக்கும் இடம், சும்மா வந்து உட்கார்ந்தால் ஆகாது என்று விளக்கிவிட்டுக் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

7. இரண்டு வாரம் கழித்துத் தங்கள் பதில் கடிதம் வந்தது. அதன் மூன்றாம் வரி: ‘மேற்படி வளாகத்தில் பாதிப்பு ஏதும் இல்லை.’ நான்காம் வரி: ‘விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் தனி வரம்பு நிர்ணயிக்கப்படாததால் மேல் நடவடிக்கை தேவையில்லை.’ ஐயா, நான்காம் வரி உண்மை. மூன்றாம் வரி உண்மையா என்று அளந்தவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. கடிதம் வந்த எட்டாம் நாள் ஒரு தொகுதி பொரிக்க வேண்டிய நாள். அதில் மேற்கு அடுக்கின் நடுவில் இருந்த இரண்டு தட்டுகளில் நூற்றெண்பது முட்டைக்குப் பதினோரு குஞ்சுதான் வந்தது. மிச்சம் அழுகி, சிலது தட்டிலேயே வெடித்து, அறை முழுக்க நாற்றம். மறுநாள் மேலாளர் என் நாத்தனாருக்குக் குறிப்பாணை கொடுத்தார். அதில் இரண்டு சான்றுகள். ஒன்று, கதிர்வீச்சால் பாதிப்பு இல்லை என்று தங்கள் அலுவலகமே எழுதிவிட்டது. மற்றொன்று, பதினான்காம் நாள் வரை அந்த முட்டைகளில் நூற்று அறுபது உயிரோடு இருந்ததாக வெளிச்சக் குறிப்பேடு சொல்கிறது. ஆகவே பதினான்காம் நாளுக்குப் பிறகு தட்டைத் திருப்பாமல் விட்டதே காரணம், திருப்ப வேண்டியவர் என் நாத்தனார், வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று கேள்வி. வெள்ளிக்கிழமை விசாரணை. அவர் குடியிருப்பது பொரிப்பகத்தின் பின்னறையில். வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும். வேறு போக்கிடம் அவருக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு வர மாட்டார், நானும் இதுவரை கூப்பிட்டதில்லை.

8. இனி நான் ஒளித்துவைத்தது. அளவீட்டாளர் வந்துபோன மூன்றாம் நாள், யாரிடமும் கேட்காமல், அந்த இரண்டு தட்டுகளைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் அடைத்தேன். தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்தால் போனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை என்று வெல்டிங் கடைக்காரர் சொல்லக் கேட்டிருந்தேன். தகரத்துக்குள் இருக்கும் முட்டை நன்றாகப் பொரிந்து, வெளியே இருப்பது பொரியாமல் போனால், அப்புறம் எந்த அலுவலகம் என்னைத் திருப்பி அனுப்பும் என்று எனக்கு ஒரே வீம்பு. எங்கள் மேலாளர் கண்ணாடி போட்டவர். ஆவி படிந்து மூடிக்கொள்ளும் என்று அந்த அறைக்குள் காலே வைப்பதில்லை. நாத்தனார் கேட்டதற்கு, மேலாளர் வைக்கச் சொன்னார் என்று பொய் சொன்னேன். அவர் தகரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு முட்டையை எடுத்து இமைமேல் வைத்தார். “உள்ள காத்து ஓடலை. எடுக்கச் சொல்லு அவர்கிட்ட” என்றார். நான் துவைத்த துணியைத் திரும்பத் துவைத்த அதே குரல் மாதிரி எனக்குக் கேட்டது. இவருக்கு என்ன தெரியும், எதில்தான் குறை சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆறு நாள் அப்படியே விட்டேன்.

பதினான்காம் நாள் அந்த முட்டைகளை விளக்கின் முன் பிடித்தேன். முதல் முட்டையில் வளையம். அடுத்ததிலும் வளையம். பல்பு மங்கலாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல்பை மாற்றினேன். புது பல்பிலும் வளையம்தான் தெரிந்தது. நூற்றெண்பதில் முப்பத்தெட்டில்தான் அசைவு இருந்தது. மற்றதெல்லாம் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வெந்து செத்திருந்தன. ஆன்டெனாவிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று கொண்டுபோய் நானே கொன்றிருந்தேன். அன்றைக்கே தகரத்தைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டேன். செத்த முட்டைகளை வெளியே எடுத்தால் கேள்வி வரும் என்று தட்டிலேயே விட்டேன். குறிப்பேட்டில் ‘உயிர் – 160’ என்று எழுதினேன். பதினான்கு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்க் கணக்கு அது. அந்தப் பக்கத்தை வைத்துத்தான் வெள்ளிக்கிழமை என் நாத்தனாரை வெளியே அனுப்பப் போகிறார்கள்.

9. குறிப்பாணை வந்து ஒன்பது நாள் நான் வாய் திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வேலையும் போய்விடும் என்ற பயம்தான். அதோடு, நாத்தனாரே உண்மையை உடைத்துவிடுவார், நான் சொல்ல வேண்டிய அவசியம் வராது என்றும் ஒரு கோழைக் கணக்கு வைத்திருந்தேன். மேலாளர் விசாரித்தபோது தகரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை; அது என் வேலைதான் என்று நாத்தனாருக்கு அப்போதே புரிந்திருக்கும். அவரோ உடைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பகல், கேட்டே விடுவது என்று அவர் அறைக்குப் போனேன். பதினோரு வருடத்தில் அந்த வாசற்படியை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை. துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியில் பாத்திரமெல்லாம் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. ஏன் அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். மடிப்பதை நிறுத்தாமல் அவர் சொன்னது இது: “மனு உன் பேர்ல போயிருக்கு. நீ பொய் எழுதினவள்னு ஆயிட்டா, மனுவையும் குப்பையில போட்டுருவாங்க. அப்புறம் அந்த அறைக்குள்ள யாரு வந்து அளப்பா?”

அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

10. ஆகவே ஐயா, நான் வேண்டுவது இவை. முதலாவது, தங்கள் கடிதத்தின் மூன்றாம் வரியை ‘மேற்படி வளாகத்தின் இன்குபேட்டர் அறையில் அளக்கப்படவில்லை’ என்று திருத்தி, வெள்ளிக்கிழமை காலைக்குள் எங்கள் மேலாளருக்கு அனுப்ப வேண்டும். அளக்காத இடத்தில் பாதிப்பு இல்லை என்று எழுதுவதும், செத்த முட்டைக்கு உயிர் என்று எழுதுவதும் ஒன்றுதான். இரண்டாவதைச் செய்தவள் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. அந்த இரண்டு தட்டுகள் போனதற்கு ஆன்டெனா காரணமில்லை, என் நாத்தனாரும் காரணமில்லை, நான்தான் என்பதைத் தங்கள் கோப்பிலும் பதிவு செய்துகொள்ளவும். என் தகரத்தை ஆன்டெனாவின் கணக்கில் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அதற்கு முந்தைய மூன்று தொகுதிகளில் தகரம் இல்லை. அந்த ஐம்பத்தெட்டும் ஐம்பத்து நான்கும் ஐம்பத்தொன்றும் நான் விளக்கில் பார்த்தும், பொரிந்த குஞ்சுகளை எண்ணியும் எழுதிய நிஜக் கணக்கு. அதற்குக் காரணம் வெயிலா, மின்சாரமா, கம்பமா என்று எனக்குத் தெரியாது. ஆகவே என் இரண்டாவது வேண்டுகோள்: கருவியை மேற்கு அடுக்கின் உயரத்தில் ஒருமுறை, கிழக்கு அடுக்கின் உயரத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்து, வந்த எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும். எண் சின்னதாக இருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு மேற்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிப் போய்விடுவேன். எவ்வளவு இருந்தால் அதிகம் என்று முட்டைக்கும் பூசணிக்கும் வரம்பு வைப்பது தங்களுக்கு மேலே இருப்பவர்களின் வேலை என்று அறிவேன். ஆனால் வரம்பு இல்லை என்பதால் அளக்க மாட்டோம், அளந்தது இல்லை என்பதால் வரம்பு வைக்க மாட்டோம் என்றே போனால், அந்த வரம்பு எந்தக் காலத்தில் வரும்? படிவத்தில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘வளர்க்கப்படும் உயிர்’ என்று இன்னொரு கட்டம் போட ஒரு வரி அளவு இடம் போதும். படிவத்தின் அடியில் அதற்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

11. ஆள் இருக்கும் இடத்தில்தான் அளக்க முடியும் என்ற விதிக்கும் வழி செய்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து நாள்தோறும் ஆறு மணி நேரம் இன்குபேட்டர் அறையில், மேற்கு அடுக்குக்குப் பக்கத்தில், அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மனுவையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே கலங்கியிருந்தால் அது வியர்வை, பொறுத்தருளவும். வயது நாற்பத்தொன்று. அடையாள அட்டை உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் வரை என்னை இந்த அறைக்குள் விடுவார்கள். அதற்குமேல் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

அதன் பிறகு அந்த ஸ்டூலில் என் நாத்தனார் உட்காருவார். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்று தலையாட்டினார். அவர் உட்காருவதற்கு அவருடைய வேலை மிச்சம் இருக்க வேண்டும். அதற்குத் தங்கள் கையால் ஒரு வரி திருந்த வேண்டும். அளவீட்டாளர் எந்த நாள் வந்தாலும், அந்த அறையில் ஆள் இல்லை என்று சொல்லித் திரும்பிப் போக இனி வழி இருக்காது என்று உறுதி கூறி இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
மேலே கண்ட எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கும்,

(கையொப்பம்)
முட்டைக்கு வெளிச்சம் பார்ப்பவர்

இடம்: இன்குபேட்டர் அறை, மேற்கு அடுக்கு
நாள்: விசாரணைக்கு மூன்று நாள் முன், செவ்வாய்க்கிழமை

இணைப்பு:
1. வெளிச்சக் குறிப்பேடு, முந்தைய மூன்று தொகுதிகளின் பக்கங்கள் – நகல்.
2. வெளிச்சக் குறிப்பேடு, நான் பொய் எழுதிய பக்கம் – அசல்.

நகல்: பொரிப்பக மேலாளர் அவர்களுக்கு. எட்டாம் பத்தி அடிக்கோடிடப்பட்டுள்ளது. இன்று மாலை நேரில் கொடுக்கப்படும்.